அகப்பையை மாற்றினால் சட்டி நிறையுமா?

டர்பனின் பீனிக்ஸைச் சேர்ந்த ஒரு தம்பி என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். நம் தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியான கைசர் சீஃப்ஸ் 2015-க்குப் பிறகு லீக் பட்டத்தைக் கண்ணால் பார்க்கவில்லையே, இனி எந்தப் பயிற்சியாளரைக் கொண்டுவந்தால் தேறும் என்பது முதல் கேள்வி. கிளப்பின் உரிமையாளரான மோட்டாங் குடும்பம் அதை வேறு யாருக்காவது விற்றுவிட்டால் நல்லதுதானே என்பது இரண்டாவது. ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து மைதானத்துக்குப் போவதை நிறுத்தினால் மேலே இருப்பவர்களுக்கு உறைக்குமா என்பது மூன்றாவது. கேட்டவருக்கு வயது இருபத்திரண்டு. சீஃப்ஸ் கடைசியாக லீக்கை வென்றபோது அவர் பள்ளிச் சீருடையில் இருந்தவர். ஆகவே கேள்விகளில் இருக்கும் சூடு எனக்குப் புரிகிறது. அதே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து, நாற்பது ஆண்டுகளாகத் தங்க நிறமும் கறுப்பும் கலந்த அந்தச் சட்டையோடு திரிகிற எனக்கும் அதே சூடு உண்டு. ஆனால் என் கோபம் போய் நிற்கிற இடம் வேறு.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் ஸ்டூவர்ட் பாக்ஸ்டர் 2012-13-லும் 2014-15-லும் லீக் பட்டங்களை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, 2025 வரை ஸ்டீவ் கொம்பேலா, ஜொவானி சொலினாஸ், எர்ன்ஸ்ட் மிடன்டார்ப், கேவின் ஹன்ட், மறுபடியும் பாக்ஸ்டர், ஆர்தர் ஸ்வானே, மொலேஃபி என்ட்செகி, இடைக்காலப் பொறுப்பில் காவின் ஜான்சன், கடைசியாக நஸ்ரெடின் நபி என்று ஒன்பது பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். சில வாரங்கள் மட்டும் நின்றவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. இந்தப் பத்துப் பருவங்களில் அணி பிடித்த இடங்கள் வரிசையாக 5, 4, 3, 9, 2, 8, 5, 5, 10, 9. லீக்கில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தால்தான் அடுத்த பருவத்தின் எம்டிஎன் 8 கோப்பையில் ஆட முடியும். அந்த வாசலுக்கு வெளியே சீஃப்ஸ் மூன்று முறை நின்றிருக்கிறது. மாமெலோடி சன்டவுன்ஸோ 2017-18 முதல் 2024-25 வரை இடைவிடாமல் எட்டு முறை பட்டம் வென்றது.

அந்தப் பத்து எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை பாருங்கள், தம்பி. முதல் மூன்றும் 5, 4, 3. ஆண்டுக்கு ஒரு படி ஏறியிருக்கிறது. இந்தப் பத்தாண்டில் முழுதாக மூன்று பருவங்கள் நெருங்கும் அளவுக்குப் பொறுப்பில் இருந்த ஒரே மனிதர் கொம்பேலாதான். அவர் ஒரு கோப்பையும் வாங்கவில்லை என்பது உண்மை. அவருடைய அணியின் ஆட்டம் சில நாட்களில் தூக்கத்தை வரவழைத்தது என்பதும் உண்மை. ஆனால் படிகள் மேலே போய்க்கொண்டிருந்தன. அவரை விரட்டியது நிர்வாகம் அல்ல, நாம்தான். 2018 ஏப்ரல் 21 அன்று நம் டர்பன் மோசஸ் மபிடா மைதானத்தில், தோற்றால் வெளியேற வேண்டிய நெட்பேங்க் கோப்பையின் அரையிறுதியில் ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸிடம் 2-0 என்று தோற்றதும், சீஃப்ஸ் சட்டை போட்டவர்கள் தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கினார்கள்; ஒளிபரப்புக்காரர்களின் கருவிகள் நொறுங்கின, தீ எரிந்தது, பாதுகாவலர் ஒருவர் கீழே விழுந்த பின்னும் அடி வாங்கினார். நான் அக்காள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியபோது, படிக்கட்டின் நடுவில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் பாதி தின்ற மக்காச்சோளமும் கிடந்தன. அந்த இரவே கொம்பேலா விலகுவதாக அறிவித்தார். அடுத்த பருவத்தில் நாம் பிடித்த இடம் ஒன்பது.

வரிசையில் ஒன்பதுக்கு அடுத்து வருவது 2. அது மிடன்டார்ப். 2018 டிசம்பரில் பாதிப் பருவத்தில் வந்தவர். அடுத்த பருவம் முழுக்க அணியை முன்னிலையில் வைத்திருந்தார். கொரோனாவால் நின்றுபோய், கௌடெங்கில் பூட்டிய மைதானங்களில் மறுபடி தொடங்கிய அந்தப் பருவத்தின் கடைசி நாளான 2020 செப்டம்பர் 5, சனிக்கிழமையில், பரோகா அணியுடன் 1-1 என்று சமன் செய்து, 59-க்கு 57 என்ற புள்ளிக் கணக்கில் பட்டத்தைச் சன்டவுன்ஸிடம் விட்டோம். இரண்டே புள்ளி. அவரும் அனுப்பப்பட்டார். மறு பருவம் எட்டாம் இடம். ஏறிக்கொண்டிருந்த அணியை இரண்டு முறை பாதிப் படியில் நிறுத்தி, ஆளை மாற்றிக் கீழிருந்து தொடங்கியிருக்கிறோம். முதல் முறை அதைச் செய்தது கூட்டத்தின் கோபம். இரண்டாம் முறை அலுவலகத்தின் பதற்றம்.

இதனால்தான், எந்தப் பயிற்சியாளரைக் கொண்டுவரலாம் என்ற முதல் கேள்விக்குப் பெயர் சொல்லி விடையளிக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். ஒன்பது அகப்பைகளை மாற்றிப் பார்த்துவிட்டோம். சட்டியில் என்ன இருக்கிறது, அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

ஒரு பயிற்சியாளர் போகும்போது அவர் மட்டும்தான் போகிறார். அவர் விரும்பிக் கேட்டு வாங்கிய வீரர்கள் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களோடு அங்கேயே இருக்கிறார்கள். மிடன்டார்ப்பின் ஆட்டம் நேரடியான ஆட்டம்: பந்தைத் தூக்கி முன்களத்துக்கு அனுப்புவது, உயரமான செர்பிய வீரர் சமிர் நுர்கோவிச் தலையாலோ மார்பாலோ அதை வாங்குவது, சிதறுகிற பந்துக்குப் பின்னால் மற்றவர்கள் பாய்வது, கார்னர்களிலும் ஃப்ரீ கிக்குகளிலும் ஆளை முட்டிக்கொண்டு கோல் அடிப்பது. நுர்கோவிச் அந்தப் பருவத்தில் லீக்கில் 13 கோல்கள் அடித்தார். இப்படிப்பட்ட அணிக்கு வேண்டியவர்கள் ஓட்டமும் உடல்வலுவும் உள்ளவர்கள். நடுக்களத்தில் நின்று நிதானமாகப் பந்தைப் பிரித்துக் கொடுப்பவர் அங்கே அவ்வளவாகத் தேவைப்படமாட்டார். பிறகு ஒருவர் வந்து, கோல்கீப்பரிலிருந்தே சின்னச் சின்னப் பாஸ்களாகப் பந்தைக் கட்டிக் கொண்டுபோக வேண்டும் என்கிறார். அதே ஆட்கள்தான் அதைச் செய்ய வேண்டும். டர்பன் பிரியாணியில் நாம் பருப்புப் போடுவதைப் பார்த்து இந்தியாவிலிருந்து வரும் விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள். அது நம் சுவை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பிரியாணிக்கு என்று எல்லாவற்றையும் வாங்கி அடுப்பில் ஏற்றிவிட்டு, பாதி வெந்த பிறகு வேறொருவர் கையில் அகப்பையைக் கொடுத்து ரசம் வைக்கச் சொன்னால் அவர் என்னதான் செய்வார்?

இதை மைதானத்தில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். நடு தடுப்பாட்டக்காரர் காலில் பந்து இருக்கிறது. எதிரணியின் முன்கள வீரர் மெதுவாக அவரை நோக்கி நடக்கத் தொடங்குகிறார், ஓடக்கூட இல்லை. பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி பந்து நடுக்களத்துக்குப் போக வேண்டும். அங்கே நம் ஆட்கள் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் தனக்குக் காவல் நிற்பவனின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார், மற்றவர் கையை நீட்டிப் பக்கவாட்டைக் காட்டுகிறார், அதாவது எனக்கு வேண்டாம், அவனுக்குக் கொடு என்கிறார். தடுப்பாட்டக்காரர் இரண்டு முறை பந்தைத் தொட்டுவிட்டு கோல்கீப்பருக்குத் திருப்பி அனுப்புகிறார். கூட்டம் ஊளையிடுகிறது. அடுத்த முறை அவர் காத்திருக்காமல் பந்தை ஓங்கி உதைக்கிறார். நுர்கோவிச் இருந்த காலத்தில் அதை வாங்க ஓர் ஆள் இருந்தார். இப்போது பந்து எதிரணியின் தலையில் விழுகிறது. வீட்டில் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அது தடுப்பாட்டக்காரரின் தவறாகத் தெரியும், ஏனென்றால் கேமரா பந்தைத்தான் காட்டும். முதுகுக்குப் பின்னால் மறைந்தவரை மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் பார்ப்பார். அவரையும் நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். அந்த வேலைக்காக அவர் வாங்கப்பட்டவர் அல்ல.

நபி வந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் வெளிப்படையானது. தான்சானியாவின் யங் ஆஃப்ரிக்கன்ஸ் அணியை 2023-ல் ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர், தன் எண்ணப்படி ஆடும் அணியை எப்படி உருவாக்குவது என்று அறிந்தவர். அவருக்காக இனாசியோ மிகேல், ரஷ்வின் டோர்ட்லி, பிராட்லி கிராஸ், காஸ்டன் சிரினோ என்று ஆட்களை வாங்கினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பழைய அடுக்குகளும் கீழே அப்படியே இருந்தன. ஒரே பருவத்தில் ருவாண்டாவின் ஃபியாக்ர் என்ட்வாரி, புரூஸ் பிவுமா, பிராண்டன் பீட்டர்சன் என்று மூன்று கோல்கீப்பர்கள் மாறிமாறி நின்றார்கள். பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்ட நினைக்கும் அணிக்குக் கோல்கீப்பர்தான் முதல் செங்கல். அந்தச் செங்கல்லையே மாதத்துக்கு ஒருமுறை உருவி வேறொன்றை வைத்தால் சுவர் நிற்குமா என்று கட்டட வேலை தெரியாதவனுக்கும் சந்தேகம் வரும். லீக்கில் ஒன்பதாம் இடம்.

2015 அணியை நினைத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு இன்னும் உறுத்துகிறது. கோலில் கிளப்பின் இளைஞர் பிரிவிலிருந்தே வளர்ந்து வந்த இட்டுமெலெங் குனே. பின்களத்தில் தெஃபு மஷமைட்டே. நடுவில் வில்லார்ட் கட்சாண்டே, ரெனெய்ல்வே லெட்சோலொன்யானே. இடது பக்கம் 2007 முதல் அங்கேயே இருந்த சிஃபிவே ட்சபலாலா. முன்னால் பெர்னார்ட் பார்க்கர். ஒருவர் எப்போது திரும்புவார் என்று அடுத்தவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அந்தப் பட்டம் கைக்கு வந்த அதே குளிர்காலத்தில் என்ன நடந்தது? பாக்ஸ்டர் போனார். லீக்கின் ஆண்டுச் சிறந்த வீரராகத் தேர்வான தலைவர் மஷமைட்டே போனார். மண்ட்லா மசாங்கோ டென்மார்க்குக்குப் போனார். வீரர்கள் போவது இயல்புதான், எந்த அணியிலும் போவார்கள். ஒருவர் போனால் அந்த இடத்துக்கு எந்த மாதிரி ஆள் வர வேண்டும் என்பதை, பயிற்சியாளர் யாராக இருந்தாலும் மாறாத ஒரு மனம் மேலே இருந்து நினைவில் வைத்திருக்க வேண்டும். சீஃப்ஸில் இல்லாமல் போனது அந்த நினைவு. 2021-ல் கைசர் மோட்டாங் ஜூனியர் விளையாட்டு இயக்குநரானார். ஆக நாற்காலி போடப்பட்டுவிட்டது. நாற்காலி போட்ட பிறகு 2025 வரை வந்த இடங்கள் 5, 5, 10, 9 என்பதையும், அந்த நான்கு பருவங்களில் பயிற்சியாளர் நாற்காலியில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒன்பது பேரில் எனக்கு மிகவும் வருத்தம் ஹன்ட்டைப் பற்றித்தான். சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட்டுக்கு மூன்று, பிட்வெஸ்ட் விட்ஸுக்கு ஒன்று என்று நான்கு லீக் பட்டங்களை வென்றவர் அவர். அவர் வந்து இறங்கிய 2020-ல், மடகாஸ்கரின் ஃபோசா ஜூனியர்ஸ் அணியோடு ஒப்பந்தத்தில் இருந்த ‘டாக்ஸ்’ என்கிற வீரரைச் சீஃப்ஸ் எடுத்த விவகாரத்தில் ஃபிஃபா விதித்த தடையைச் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றமும் உறுதி செய்தது: இரண்டு பதிவுக் காலங்களுக்குப் புதிய வீரர் யாரையும் சேர்க்க முடியாது. அலுவலகத்தில் நடந்த பிழைக்குத் தண்டனையை அனுபவித்தவர் அப்போது அந்த அலுவலகத்தில் இல்லாத ஒருவர். கைகள் கட்டப்பட்ட நிலையிலும் அவர் அணியை ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை கொண்டுபோனார்; அரையிறுதிக்கு முன் 2021 மே மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். அணி கசாபிளாங்காவில் மொராக்கோவின் வைடாட்டை வென்று இறுதிக்கும் போனது. அங்கே எகிப்தின் அல் அஹ்லி 3-0 என்று வென்றது. அல் அஹ்லியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? எட்டு ஆண்டுகள் சன்டவுன்ஸில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன நம் நாட்டுக்காரர் பிட்சோ மொசிமானே.

சன்டவுன்ஸிடம் அதன் உரிமையாளர் மொட்செபே குடும்பத்தின் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தொலைக்காட்சிதான் மாற்றியது. 2007-ல் சூப்பர்ஸ்போர்ட் நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு 160 கோடி ராண்டுக்கு லீக்கின் ஒளிபரப்பு உரிமையை வாங்கிய பிறகு, மாதாந்திர உதவித்தொகை எல்லா அணிகளுக்கும் சமமாகப் போகத் தொடங்கியது. அதற்கு முன் சின்ன அணியில் ஒரு பையன் நன்றாக ஆடினால், சீஃப்ஸின் பெயரைக் கேட்டதுமே ஓடி வருவான். இப்போது சின்ன அணியால் அவனுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க முடிகிறது, அவனுக்கு அவசரமில்லை. பெயரைக் காட்டி ஆள் பிடிக்கும் காலம் போன பிறகு, யாரைப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நாட்டிலேயே அதிக ரசிகர்கள் உள்ள கிளப்புக்கு விளம்பரதாரர்களுக்குப் பஞ்சமில்லை. கையில் இருக்கிற பணத்தை எந்த ஆட்டத்துக்காகச் செலவு செய்கிறோம் என்பதில்தான் தடுமாற்றம்.

எவ்வளவு தடுமாற்றம் என்பதை நான் பார்த்தது 2019 மே 18 அன்று, அதே மோசஸ் மபிடாவில், நெட்பேங்க் கோப்பையின் இறுதியில். எதிரே டிஎஸ் கேலக்ஸி. இரண்டாம் பிரிவு அணி. எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு ஜூலு பெரியவர்; கிழக்கு கேப்பிலிருந்து இரவெல்லாம் மினிபஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். தலையில் மகரபா, அதாவது சுரங்கத் தொழிலாளரின் தலைக்கவசத்தை வெட்டி, வளைத்து, வண்ணம் பூசிச் செய்யும் ரசிகர் தொப்பி. அதன் நெற்றியில் இரண்டு விரல்களை உயர்த்தும் சீஃப்ஸ் சைகையைத் தகரத்தில் வெட்டி ஒட்டியிருந்தார். தொண்ணூறு நிமிடங்கள் அணி பந்தை வைத்துக்கொண்டு பக்கவாட்டிலேயே நடந்தது. பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில், கூடுதல் நிமிடங்களில், கேலக்ஸிக்குப் பெனால்டி கிடைத்தது, சகேலே லெபாசா அடித்தார், 1-0. பெரியவர் மகரபாவைக் கழற்றி மடியில் வைத்து, அந்தத் தகர விரல்களைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். தூசி ஒன்றும் இல்லை. அவர் முன்பு வந்தபோது, 2014 செப்டம்பரில் இதே மைதானத்து வளைவின் கீழே, மத்தோஹோவின் தலைமுட்டில் நம் பரம எதிரி ஆர்லாண்டோ பைரேட்ஸை 1-0 என்று வென்று எம்டிஎன் 8 கோப்பையைத் தூக்கியதைப் பார்த்தாராம்.

இரண்டாவது கேள்வி: குடும்பம் விற்றுவிட்டால் நல்லதா? இதற்கு விடை சொல்ல நான் என் வீட்டு அலமாரிக் கதவைத் திறக்க வேண்டும். என் அப்பா சீஃப்ஸ் ரசிகர் அல்ல. அவர் 1928-ல் டர்பனில் நம் மக்கள் தொடங்கிய மேனிங் ரேஞ்சர்ஸின் ஆள். நிறம் பார்த்து மைதானம் ஒதுக்கிய காலத்தில், ஃபெடரேஷன் லீக் ஆட்டங்களைக் கரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் நின்றுகொண்டே பார்த்தவர். இன்றைய பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவமான 1996-97-ல் பட்டம் வென்றது சீஃப்ஸும் அல்ல, பைரேட்ஸும் அல்ல. கோர்டன் இகேசுண்ட் பயிற்சியில் ஆடிய மேனிங் ரேஞ்சர்ஸ். அந்த வாரம் செய்தித்தாளில் வந்த புள்ளிப் பட்டியலை அப்பா வெட்டி, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினார். என் சீஃப்ஸ் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதை, அஞ்சறைப்பெட்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் காட்டுவதற்காகத்தான் அங்கே ஒட்டினார் என்று இன்றும் நம்புகிறேன். 1998-ல் அவர்கள் ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்று வரை போய், அபிஜானின் அசெக், கசாபிளாங்காவின் ராஜா ஆகிய அணிகளோடு ஆடினார்கள். பட்டம் வென்று பத்தாண்டு நிறைவதற்குள் அணி கடனில் மூழ்கி, கைமாறி, கேப்டவுனுக்குப் போய், இகாபா ஸ்போர்ட்டிங் என்று பெயரும் மாறிப் போயிற்று. அம்மா அலமாரிக்கு வண்ணம் அடித்தபோது அந்தக் காகிதத்தைச் சுற்றி மட்டும் அடித்தார்.

தென்னாப்பிரிக்காவில் கிளப்பை விற்பது என்றால் பெரும்பாலும் இதுதான். வாங்குபவர் வாங்குவது லீக்கில் உள்ள இடத்தை. பெயர், ஊர், சட்டை எதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது. பிட்வெஸ்ட் விட்ஸ் 2020-ல் விற்கப்பட்டு வடக்கே லிம்போபோவுக்குப் போனது. புளூம்ஃபொன்டெய்ன் செல்டிக் 2021-ல் ராயல் ஏஎம் ஆனது. அந்த ராயல் ஏஎம் 2025-ல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட் 2025-ல் விற்கப்பட்டு சிவெலேலே ஆனது. நம் அமாசூலு 2017-ல் மேல் பிரிவுக்குத் திரும்பியதே தண்டா ராயல் சூலுவின் இடத்தை வாங்கித்தான். அமெரிக்காவில் அட்லாண்டா சீஃப்ஸுக்கு ஆடிவிட்டு வந்த கைசர் மோட்டாங் 1970-ல் சொவெட்டோவில் தொடங்கிய இந்தக் கிளப், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே பெயரோடும் அதே நிறத்தோடும் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் நாம் ஏசுகிற அதே குடும்பம்தான். குடும்பத்தின் பிடி இறுகி இருப்பதால்தான் வீரர் தேர்வில் வெளிக்காற்று நுழைவதில்லை என்றும் நான் நினைக்கிறேன். இரண்டும் ஒரே பிடியின் இரண்டு பக்கங்கள். ஆகவே விற்கட்டும் என்று கூச்சலிடும் கூட்டத்தில் நான் நிற்கமாட்டேன். உரிமை அங்கேயே இருக்கட்டும். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மட்டும் குடும்பத்துக்கு வெளியே உள்ள, கால்பந்து அறிந்த ஒருவரிடம் ஐந்தாண்டுக்கு எழுதிக் கொடுக்கட்டும். இடையில் எத்தனை பயிற்சியாளர்கள் மாறினாலும் அவர் மாறக்கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான். இதற்குப் பெரிய பணமும் வேண்டியதில்லை.

நெட்பேங்க் கோப்பையை வென்ற 2025 மே 10-ஐ மறந்துவிட்டீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. எப்படி மறப்பேன்? அரையிறுதியில் சன்டவுன்ஸை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றுவிட்டு, இறுதியில் நம் ஊரில், பைரேட்ஸுக்கு எதிராகச் சிரினோவின் பெனால்டியும், யூசுஃப் மார்ட்டின் தூரத்து உதையும், மறுபடியும் 2-1. பத்தாண்டுப் பசி தீர்ந்த இரவு அது. மைதானத்திலிருந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, யாருக்கும் அவசரமில்லை. சில வாரங்களில் மார்ட் ஆஸ்திரியாவுக்குப் போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் நபியும் விலகினார்; அவருடைய உதவியாளர்களாக இருந்த கலீல் பென் யூசெஃபும் செட்ரிக் காஸேயும் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். ஒரு கோப்பை ஐந்து நல்ல மாலைகளில் கிடைத்துவிடும். லீக் என்பது முப்பது ஆட்டங்கள். அதை ஒரு மனநிலையால் வெல்ல முடியாது.

மூன்றாவது கேள்விக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. போகாமல் இருப்பது உங்கள் உரிமை. காலி இருக்கைகள் நிச்சயம் மேலே தெரியும். ஆனால் போய் உட்கார்ந்து பயிற்சியாளர் மீது பாட்டில் எறிவது மட்டும் வேண்டாம். 2018-ல் நாம் செய்தது என்ன ஆயிற்று என்று மேலே சொல்லிவிட்டேன். 2023-ல் என்ட்செகி மீதும் பொருள்கள் பறந்தன, அமாசூலுவிடம் கார்லிங் நாக்அவுட்டில் தோற்றதும் அவரும் போனார், அந்தப் பருவம் பத்தாம் இடத்தில் முடிந்தது. நாம் எறியும் ஒவ்வொரு பாட்டிலும், பயிற்சியாளரை மாற்றினால் போதும் என்று அலுவலகம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள நல்ல சாக்கு.

நான் போவேன். சீஃப்ஸ் அடுத்த முறை டர்பனுக்கு வரும்போது வளைவின் தெற்குப் பக்கம், மேல் தட்டில் இருப்பேன். கையில் பீன்ஸ் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி, இருக்கும், அடையாளம் கண்டுகொள்வது எளிது. நீங்களும் வாருங்கள், தம்பி. முதல் கால் மணி நேரம் பந்தைப் பார்க்காதீர்கள். நடு தடுப்பாட்டக்காரர் காலுக்குப் பந்து வரும் ஒவ்வொரு முறையும், நடுக்களத்தில் எத்தனை பேர் அதைக் கேட்டு முகத்தைக் காட்டுகிறார்கள், எத்தனை பேர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். இடைவேளையில் அந்தக் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்போம்.